நான்கு தட்டல் கேட்க வேண்டும்: பத்தாவது டாக்டர் விடைபெறும் வட்டு

சாகும் நேரத்தில் உடல் மாறிப் புது ஆளாக எழும் 'டாக்டர்' என்னும் வேற்றுக்கிரகக் காலப்பயணியின் கதை, 'டாக்டர் ஹூ' என்ற ஆங்கிலத் தொடர். அதில் பத்தாவது டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட் விடைபெறும் கதை 'தி எண்ட் ஆஃப் டைம்'. முதல் பாகம் 2009 கிறிஸ்துமஸ் அன்றும் இரண்டாம் பாகம் 2010 புத்தாண்டு அன்றும் பிபிசியில் வந்தன. முதலாவது ஒரு மணி நேரம், இரண்டாவது ஒன்றேகால் மணி நேரம். டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் வெளிவந்திருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்துவைத்து மண்டபத்தில் திரைகட்டிக் காட்ட ஏற்றதா என்றால், தாராளமாகக் காட்டலாம். முதல் பாகத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டாம் பாகத்தின் கடைசி அரைமணி நேரம் அதற்கெல்லாம் ஈடு கட்டிவிடும். ஆனால் அந்த அரைமணி நேரம் மெல்லிய ஒரு சத்தத்தை நம்பி நிற்கிறது. அது கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் காட்டியும் பயனில்லை.

முதலில் வட்டு. எந்த வட்டாரத்துக்கென்று விற்றதோ அந்த வட்டாரத்துப் பிளேயரில் ஓடும்படிதான் வட்டைச் செய்கிறார்கள். டிவிடியில் இங்கிலாந்து 2ஆம் வட்டாரம், மலேசியா 3ஆம் வட்டாரம். புளூ-ரேயில் இங்கிலாந்து 'பி', மலேசியா 'ஏ'. உறையின் பின்பக்கத்தில் பூகோளப் படத்துக்குள் எண் இருந்தால் அது டிவிடி வட்டாரம். அறுகோணத்துக்குள் எழுத்து இருந்தால் புளூ-ரே வட்டாரம். நம் ஊரில் விற்கும் மலிவான டிவிடி பிளேயர்களில் பல எல்லா வட்டாரத்து வட்டையும் ஏற்கும். புளூ-ரே பிளேயர் அப்படி விட்டுக்கொடுக்காது, 'பி' மட்டும் போட்ட வட்டைத் திருப்பித் தள்ளிவிடும். அமெரிக்கப் புளூ-ரே நமக்கும் அதே 'ஏ' என்பதால் அதை வாங்குவது பத்திரம். டிவிடி என்றால் இங்கிலாந்துப் பதிப்பே போதும். இரண்டு நாடுகளுக்கும் ஒரே 'பால்' (PAL) தொலைக்காட்சி முறைதான், படத்தின் வேகத்தில் சிக்கல் வராது.

படம் 16:9 அளவு. பழைய புரொஜெக்டர் 4:3-இல் விடப்பட்டிருந்தால் எல்லாரும் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். பிளேயர், புரொஜெக்டர் இரண்டின் அமைப்பிலும் 16:9 வையுங்கள். முதல் பாகத்தில் இரவுக் காட்சிகள் அதிகம். பாழ்நிலத்தில் டாக்டரின் எதிரி மாஸ்டர் ஓடுவதும் தாவுவதும் வெளிச்சமான கூடத்தில் சாம்பல் நிறக் குழப்பமாகத்தான் தெரியும். ஏழரைக்கு முன் தொடங்காதீர்கள். எட்டரைக்கு முதல் பாகம் முடியும். தேநீருக்குக் கால்மணி நேரம். பத்து மணிக்கு எல்லாரும் வீடு திரும்பலாம்.

இனிக் கதை. எழுதியவர் ரஸ்ஸல் டி டேவிஸ், இயக்கியவர் யூரோஸ் லின். 2009 ஏப்ரலில் வந்த 'பிளானட் ஆஃப் தி டெட்' அத்தியாயத்தில், டாக்டரோடு பேருந்தில் மாட்டிக்கொண்ட ஓர் அம்மா அவருக்குக் குறி சொல்கிறார்: அவன் நான்கு முறை தட்டுவான், அதோடு உன் பாட்டு முடியும். அன்றிலிருந்து டாக்டர் சாவைக் கண்டு ஓடிக்கொண்டிருக்கிறார். எதிரி மாஸ்டரின் தலைக்குள் ஓயாமல் நான்கு தாளம் முழங்குகிறது. ஆகவே தட்டப்போவது அவன்தான் என்று டாக்டரும் நம்புகிறார், நாமும் நம்புகிறோம். இந்த ஏமாற்று வேலையை டேவிஸ் அருமையாகக் கட்டியிருக்கிறார்.

முதல் பாகத்தில் குறை இருக்கிறது. மாஸ்டரை உயிர்ப்பிக்கும் சடங்கு அவசரக் கோலம். பணக்காரர் நேய்ஸ்மித்தும் மகளும் மனிதரை உருமாற்றும் இயந்திரத்தைக் கதைக்குள் கொண்டுவருவதற்காகவே படைக்கப்பட்டவர்கள். உலகத்து மனிதர் எல்லாரும் மாஸ்டரின் முகத்துக்கு மாறுவதை ஜான் சிம் ஒருவரே நடித்துத் தீர்ப்பது திறமைதான், ஆனால் அந்த வேடிக்கை நீண்டுவிடுகிறது. இரண்டாம் பாகத்தில் டாக்டர் விண்கலத்திலிருந்து கண்ணாடிக் கூரையை உடைத்து விழுந்தும் எழுந்து நிற்கிறார். அதை ஏற்பது கடினம்.

விழுந்த இடத்திலிருந்துதான் படம் உயர்கிறது. ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் டாக்டரின் சொந்த இனமான டைம் லார்டுகளின் தலைவராகத் திமோத்தி டால்டன். டாக்டர் கையில், அவருடைய பழைய தோழி டானாவின் தாத்தா வில்ஃபின் பழைய துப்பாக்கி. யாரைச் சுடுவது என்று அவர் மாறி மாறித் திரும்பி, முடிவில் இரண்டு பேரையும் விட்டு இயந்திரத்தைச் சுடுகிறார். ஆபத்து விலகிவிட்டது. உயிரோடிருக்கிறோம் என்று அவரே நம்பாமல் வியக்கும் அந்த நேரத்தில், கண்ணாடியில் நான்கு தட்டல். மெதுவாக, மரியாதையாக. வெளியே விடுவீர்களா என்று கேட்கும் தட்டல்.

தட்டுவது வில்ஃப். அந்த இயந்திரத்தில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். ஒன்றில் ஆள் நுழைந்தால்தான் மற்றதன் கதவு திறக்கும். உள்ளே சிக்கிய ஒரு பணியாளரை வெளியே விட வில்ஃப் நுழைந்தார். இப்போது மிஞ்சிய கதிர்வீச்சு, 500,000 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அந்தக் கூண்டுக்குள்தான் கொட்டப்போகிறது. அவரை விடுவிக்க டாக்டர் மறு கூண்டுக்குள் போயாக வேண்டும். போனால் சாவு. எனக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடு என்கிறார் தாத்தா. டாக்டர் உடனே தியாகியாகிவிடவில்லை. கத்துகிறார், தாத்தாவையே திட்டுகிறார், இன்னும் எவ்வளவோ செய்திருப்பேனே என்று குமுறுகிறார். பிறகுதான் கதவைத் திறக்கிறார். வில்ஃபாக நடித்த பெர்னார்ட் கிரிபின்ஸுக்கு அப்போது வயது எண்பதைத் தொட்டிருந்தது. இளமையில் உண்மையாகவே பாலஸ்தீனத்தில் படைவீரராக இருந்தவர்; வில்ஃபும் கதையில் அதே பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்த முகத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒலியைக் கவனியுங்கள். தகரக் கூரையில் மழை அடித்தால் அந்தத் தட்டல் அடியோடு அழிந்துபோகும்; சத்தத்தைக் கூட்டினால் இசைதான் இரைச்சலாகும், தட்டல் மேலே வராது. மழை வலுத்தால் நிறுத்திவைத்து, விட்டதும் தொடருங்கள். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பக்கத்திலேயே விடாமல், இரண்டைக் கூடத்தின் நடுவில் பார்வையாளரை நோக்கி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். பிளேயரின் ஒலி அமைப்பில் 5.1 (பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்து அனுப்பும் முறை) போட்டுவிட்டு இடது வலது கம்பிகளை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்தால் பேச்சு காணாமல் போகும், 5.1-இல் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கே போகிறது. ஸ்டீரியோவுக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடும். கூட்டம் வருமுன் கூண்டுக் காட்சியை ஓடவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். நான்கும் எண்ணும்படி கேட்டால் சரி. கூட்டம் நிறைந்த பிறகு சத்தம் அமுங்கும், ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ் வசனம் கிடையாது. ஆங்கில எழுத்தைத் தொடர முடியாத பெரியவர்களுக்காக, ஒவ்வொரு பாகத்துக்கும் முன் ஒருவர் ஐந்து நிமிடம் கதையைத் தமிழில் சொல்லிவிடுவது நல்லது. டானா யார், அவள் டாக்டரை நினைத்துப் பார்த்தால் ஏன் செத்துவிடுவாள் என்ற இரண்டும் கட்டாயம் சொல்லப்பட வேண்டும். 2008 ஜூலையில் வந்த 'ஜர்னிஸ் எண்ட்' பார்க்காதவருக்கு இது விளங்காது. முடிந்தால் 'தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்' அத்தியாயத்தை முந்திய நாள் இரவே காட்டிவிடுங்கள். டாக்டரின் செருக்கு அதில்தான் உடைகிறது.

கதிர்வீச்சு உடனே கொல்வதில்லை. கடைசிப் பகுதியில் டாக்டர் பழைய தோழர்களைத் தேடிப்போகிறார்: மார்த்தா, மிக்கி, சாரா ஜேன், ஜாக். இது இழுவை என்பவர்கள் உண்டு. நம் மக்களுக்கு அப்படித் தோன்றாது என்றே நினைக்கிறேன். வெளியூர் போகிறவர் லயத்தின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறுவார். டானாவின் கல்யாணத்துக்கு அவர் தரும் லாட்டரிச் சீட்டு, அவளுடைய இறந்துபோன அப்பாவிடம் வாங்கிய ஒரு பவுண்டில் எடுத்தது. புத்தக அங்காடிக் காட்சியில் வரும் பெண்ணின் பெயர் வெரிட்டி நியூமன். 1963இல் தொடரைத் தொடக்கிய வெரிட்டி லாம்பர்ட், சிட்னி நியூமன் இருவருக்கும் செலுத்திய மரியாதை அது. முடிவில் 2005 புத்தாண்டு, பனியில் பழைய தோழி ரோஸ், இன்னும் அவரைச் சந்திக்காத ரோஸ்.

டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸுக்குள் அவர் உடல் மாறும்போது சாளரங்கள் வெடித்துத் தூண்கள் சரிகின்றன. மரே கோல்டின் குழுப்பாடல் அங்கே உச்சத்துக்குப் போகும், மலிவான ஒலிபெருக்கி அதிரும், பேஸை (தாழ்ந்த ஒலியை) குறைத்துவிடுங்கள். அடுத்த டாக்டராக மேட் ஸ்மித் வந்து நிற்பதைப் பார்த்ததும் விளக்கைப் போட்டுவிட வேண்டாம், பெயர்கள் ஓடி முடியட்டும். பின்வரிசையில் யாராவது மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

மாஸ்டரின் முகம் மின்னி மின்னி எலும்புக்கூடாகத் தெரியும் காட்சிகளுக்குச் சிறு பிள்ளைகள் பயப்படலாம். அவர்களைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த வாரத்துக்கு 2010 ஏப்ரலில் வந்த 'தி லெவன்த் அவர்' சரியான தொடர்ச்சி, உடைந்த டார்டிஸிலிருந்தே தொடங்குகிறது.