டாக்ஸ் இன்வாய்ஸா, பில் ஆஃப் சப்ளையா? எல்லைக் கடைக்கு எது கட்டுப்படியாகும்

பெட்டிக்கடைத் துண்டுச்சீட்டையும் பில் என்கிறோம், நகைக்கடையில் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதையும் பில் என்கிறோம். வாங்குகிறவருக்கு அது போதும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கடைக்காரருக்குத்தான் இதில் இரண்டு வகை. வழக்கமான முறையில் பதிந்தவர் வரியுள்ள சரக்குக்கு டாக்ஸ் இன்வாய்ஸ், அதாவது வரியைத் தனியாகக் காட்டும் பில், போட வேண்டும். விற்றுமுதலில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறைக்குப் போனவர், வரியைக் காட்டாத பில் ஆஃப் சப்ளை மட்டுமே போடலாம்.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிவிசி பைப்பும் மோட்டார் சாமானும் விற்கிறேன். எடுத்தது வழக்கமான முறை. இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் காரணம், கொள்முதல் வரியைக் கழித்தால் லாபம் கூடும் என்று கணக்கு வாத்தியார்கள் சொல்லும் காரணம் இல்லை.

காம்போசிஷனின் சௌகரியம் தெரிந்ததுதான். ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் சேரலாம். வியாபாரிக்கு விற்றுமுதலில் 1 சதவீதம் வரி. மூன்று மாதத்துக்கு ஒரு சிஎம்பி-08 படிவம் போட்டு வரி கட்ட வேண்டும், வருடத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன், அவ்வளவுதான். கடை போர்டிலும் பில்லின் தலையிலும் காம்போசிஷன் என்று எழுதி வைக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியையும் கழிக்க முடியாது.

லாபத்தில் அடிபடுமா என்றால், கவுண்டர் வியாபாரத்தில் இல்லை. 100 ரூபாய்ச் சரக்கை 18 சதவீத வரியோடு 118-க்கு எடுத்து, வரி உட்பட 129.80-க்கு (சரக்கு 110, வரி 19.80) விற்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் கையில் நிற்பது 10 ரூபாய். காம்போசிஷனில் 1.30 வரி போக 10.50. வீட்டுக்கு வாங்குகிறவர்தான் வாடிக்கையாளர் என்றால் காம்போசிஷனே மேல். (2019 ஆகஸ்ட் முதல் இரண்டு வருடம் கேரளத்தில் 1 சதவீத வெள்ள செஸ் என்ற கூடுதல் வரி இருந்தபோது காம்போசிஷன்காரர்கள் பாடு இன்னும் தேவலை. செஸ் அவர்களுக்குக் கிடையாது.)

எல்லையில் கடை வைத்தவனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. காம்போசிஷன்காரர் வெளி மாநிலத்திலிருந்து சரக்கு வாங்கலாம், வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. பாலக்காட்டு நகரத்துக் கடைக்கு இது பெரிய விஷயமில்லை. எங்களுக்கோ கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வாடிக்கையாளரில் பாதிப்பேர் அந்தப் பக்கம்.

வருகிறவர் கேட்பதும் இதைத்தான்: “ஏனுங்ணா, நம்ம கம்பெனி பேர்ல ஜிஎஸ்டி பில்லு போட்டுருங்க.” அவர் நீட்டும் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், அது தமிழ்நாடு. நம்முடையது 32, கேரளம். 33-ஐப் பார்த்ததும் நான் 18 சதவீத ஐஜிஎஸ்டி, அதாவது வெளி மாநில விற்பனைக்கான வரி, போட்டு பில்லை நீட்டிவிடுவேன். எங்கள் சித்தூர் தாலுக்கா ஆள் என்றால் அதையே ஒன்பது ஒன்பதாகப் பிரித்து மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி. அவர் கட்டிய 19.80-ஐத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார், அவருக்கு அடக்கம் 110 தான். காம்போசிஷன் கடையில் அதே சரக்கு அவருக்கு 129.80 அடக்கம். சட்டம் தடுக்காவிட்டாலும் யார் வாங்குவார்?

பதிவில்லாத விவசாயி விஷயம் கொஞ்சம் நெளிவு. 2023 அக்டோபரிலிருந்து உள்ள விதிப்படி, அவருடைய முகவரி பில்லில் இல்லாவிட்டால் விற்றவர் இருக்கும் இடத்து விற்பனையாகவே எடுத்துக்கொள்வார்கள். முகவரி எழுதினால் அந்த ஊர்க் கணக்கு. ரொக்கம் கொடுத்து நாலு பைப் பெண்டு வாங்குகிறவர் முகவரி எழுதச் சொல்வதில்லை. பேங்க் லோனுக்கும் மானியத்துக்கும் பில் வைக்க வேண்டியவர் ஊர், தாலுக்கா, மாவட்டம் எல்லாம் எழுதச் சொல்வார். தமிழ்நாட்டுப் பக்கத்து ஆனைமலை என்று எழுதிவிட்டால் அது வெளி மாநில விற்பனை. பெரிய ரூபாய் பில்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

இன்னொன்று, எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் இரண்டு பக்கமும் கடை போடுவது சகஜம். ஒரே பான் எண்ணில் இரண்டு மாநிலத்திலும் பதிவு இருந்தால், ஒன்றைக் காம்போசிஷனாகவும் மற்றதை வழக்கமான முறையிலும் வைக்க முடியாது. எடுத்தால் இரண்டுக்கும் ஒன்றே.

வழக்கமான முறையில் வேலை அதிகம், அதை மறைக்கவில்லை. ஐந்து கோடிக்குள் வியாபாரம் என்றால் ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம், பணம் மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். ஆடிட்டர் கூலியும் கூடத்தான் ஆகிறது. ஓட்டல்காரர்களுக்கு காம்போசிஷனில் 5 சதவீதம், அவர்கள் கணக்கே வேறு. அந்தத் தொழில் செய்யாத நான் அதில் யோசனை சொல்ல வரவில்லை. மளிகை, பாத்திரம், ஜவுளி என்று உள்ளூர் வீடுகளை நம்பிய கடையென்றால் காம்போசிஷனையே எடுங்கள், ஆடிட்டர் கூலி மிச்சம்.

பின்னால் மாறிக்கொள்ளலாமா என்றால், மாறலாம், திசையைப் பார்த்து மாற வேண்டும். காம்போசிஷனிலிருந்து வழக்கமான முறைக்கு வந்தால் இருப்பில் உள்ள சரக்கின் வரியைக் கழிவாகக் கேட்கலாம். எதிர்த்திசையில் போனால், ஏற்கெனவே எடுத்த கழிவை இருப்புக்குத் தக்கபடி திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்த நிதியாண்டுக்கான விண்ணப்பத்தை மார்ச் 31-க்குள் போட வேண்டும். பைப் கடைக்கு அது கோடை சீசன், குடோனில் கால் வைக்க இடம் இருக்காது.