300 சிப் போக்கர் பெட்டி: ரம்மி ஆடிப் பழகிய கைக்குத் தோதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சீட்டுக்கட்டு வாங்குவது பெரிய காரியமில்லை. போக்கர் சிப் (பந்தயம் வைக்கும் வில்லை) கேட்டால்தான் உருளைக்கிழங்குப் பொட்டலத்தை நீட்டுவார்கள். இணையத்தில்தான் தருவிக்க வேண்டும். இங்கே பார்ப்பது அப்படி வரும் பெயரில்லாத 300 சிப் பெட்டி: வெள்ளை 100, சிவப்பு 100, பச்சை 50, கறுப்பு 50, இரண்டு சீட்டுக்கட்டு, ஒரு டீலர் பட்டன் (சீட்டுப் போடுபவர் இடத்தைக் காட்டும் வில்லை), ஐந்து பகடை, இரண்டு சின்னச் சாவி. 100 வெள்ளியைச் சுற்றி இருந்தால் வாங்கலாம். ரம்மியிலேயே ஊறிய தோட்டத்து ஆட்கள் டெக்சஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு, மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) பழக இது உதவுமா என்றால், உதவும். ஆனால் உள்ளே இருக்கும் சீட்டுக்கட்டுகளை முதல் நாளே ஓரம் கட்டிவிட வேண்டும்.

சிப் எப்படி? விளம்பரத்தில் ‘களிமண்’ என்று போட்டிருப்பார்கள். ஐஸ்பெட்டிக் காந்தத்தை ஒரு சிப்பின் மேல் வைத்தால் குட்டு வெளிப்படும்: சிப் காந்தத்தோடு ஒட்டுகிறது. உள்ளே இரும்பு வில்லை, வெளியே ஏபிஎஸ் பிளாஸ்டிக். 11.5 கிராம் கனம் அந்த இரும்பு தருவது. பழகுவதற்கு இது ஒரு குறையே இல்லை. ஓரத்தில் அச்சுப் பிசிறு இருக்கும். நைசான உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஈரத்துணி போதும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், இரும்பு உள்ளே இருக்கிறது.

சிப்பில் எண் அச்சடிக்கவில்லை என்று பலர் குறைபடுவார்கள். அது நல்லதுதான், மதிப்பை நாமே வைத்துக்கொள்ளலாம். வெள்ளை 5, சிவப்பு 25, பச்சை 100, கறுப்பு 500 என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பிளைண்ட் என்பது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்: சின்ன பிளைண்ட் 5, பெரிய பிளைண்ட் 10. ஆளுக்கு வெள்ளை 15, சிவப்பு 13, பச்சை 6 கொடுத்தால் சரியாக 1000, அதாவது 100 பெரிய பிளைண்ட். ஆறு பேர் வரை இந்தக் கணக்கு தாங்கும். ஏழாவது ஆள் வந்தால் வெள்ளை 10, சிவப்பு 14, பச்சை 6, அப்போதும் 1000தான். 20, 30 பெரிய பிளைண்டோடு ஆரம்பித்தால் ஃபிளாப்புக்கு (மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டு) முன்னாலேயே ஆல் இன் (இருக்கும் சிப் முழுவதையும் வைப்பது) போய்விடுவார்கள், யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

சீட்டுக்கட்டுதான் இந்தப் பெட்டியின் அவமானம். மெழுகு பூசிய காகிதம். நம் ஊர் ஈரக்காற்றும் முறுக்கு தின்ற விரலும் பட்டால் இரண்டே வாரத்தில் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய சீட்டு கலையாது. முந்தின கையில் சேர்ந்து விழுந்த ராஜாவும் ராணியும் அடுத்த கையிலும் சேர்ந்தே வரும், அதை ‘ராசி’ என்பார்கள். மூலை மடங்கிய ஆஸ் வேறு, முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். முழுப் பிளாஸ்டிக் கட்டு தனியாக வாங்குங்கள்: கோபாக், கெம் போன்றவை. 63 மில்லிமீட்டர் அகலம், பெரிய எண் போட்டது. குழல்விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்களுக்கும் தெரியும். கழுவித் துடைத்தால் பழையபடி வந்துவிடும்.

கலைப்பதிலும் ரம்மிப் பழக்கம் குறுக்கே நிற்கும். கட்டை உருவி உருவி நாலு தடவை போட்டால் போதாது. இரண்டாகப் பிரித்து விசிறிக் கோக்கும் முறையில் 52 சீட்டுக்கு ஏழு தடவை வேண்டும். பாயர், டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-இல் காட்டிய கணக்கு இது. ஜோக்கரை எடுத்துவிட்டீர்களா என்றும் ஒரு தடவை பாருங்கள். ரம்மிக் கை அதை மறந்துவிடும். எடுத்த ஜோக்கர் ஒன்றைக் கட்டுக்கு அடியில் வைத்தால் அடிச்சீட்டை யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

ரம்மியில் 7, 8 கையில் இருந்தால் விடமாட்டோம். சுற்றுக்குச் சுற்று ஒரு சீட்டு இழுக்கலாம், இழுப்பதற்குக் கட்டணம் இல்லை. ஹோல்டெமில் மேசையில் விழுவது ஐந்தே சீட்டு, பார்க்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் வாடகை உண்டு. ‘ஒரே பூ’ என்று ஆர்ட்டின் சீட்டு இரண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருபவருக்கு ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் (ஒரே பூவில் ஐந்து சீட்டு) அமைவது 0.84 சதவீதம். சின்ன ஜோடி ஃபிளாப்பில் மூன்றாவதைப் பிடிப்பது எட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஆறு பேர் மேசையில் முதலில் பேசும் இடத்தில் இருந்தால் 7 ஜோடியும் அதற்கு மேலும், ஆஸோடு ஜாக்கி, ராணி, ராஜா, பிறகு ராஜா-ராணி, அவ்வளவுதான். 1326 சேர்க்கையில் 112. பன்னிரண்டு கைக்கு ஒன்று. மற்றதைக் கவிழ்த்துவிடுங்கள். டீலர் பட்டன் உங்கள் முன்னால் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுவது நீங்கள்தானே. உள்ளே வந்தால் பந்தயத்தை 30-க்கு ரெய்ஸ் செய்யுங்கள், அதாவது உயர்த்துங்கள்: ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. முன்னால் யாராவது வெறுமனே 10 போட்டிருந்தால் ஆளுக்கு 10 கூட்டிக்கொள்ளுங்கள்.

கைபேசிச் செயலியை விட இந்தப் பெட்டி மேல் என்று சொல்லக் காரணம் பாட் (நடுவில் சேரும் சிப்) கணக்கு. செயலி கூட்டிக் காட்டிவிடும், மூளை வேலை செய்யாது. மேசையில் நாமே எண்ண வேண்டும். ஓர் உதாரணம்: உங்களிடம் ஆர்ட்டின் 9, 8. டர்ன் (மேசையில் விழும் நாலாவது சீட்டு) வரை விழுந்தவை ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 4, கிளாவர் ராணி, டைமன் 2. பாட்டில் 120. எதிராளி 60 வைக்கிறார். 60 கட்டினால் மொத்தம் 240, அதில் உங்கள் பங்கு கால்வாசி. அப்படியானால் நூற்றுக்கு 25 தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். வெளியே இருக்கும் ஆர்ட்டின் சீட்டுகள் மொத்தம் ஒன்பது, பார்க்காத சீட்டு 46, 19.6 சதவீதம். கவிழுங்கள். அவரே 30 வைத்திருந்தால் மொத்தம் 180, பங்கு 16.7, கட்டலாம். விரைவாகக் கணக்கிட, உங்களுக்கு உதவும் சீட்டின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள், சதவீதம் தோராயமாக வரும். ஃபிளாப்பிலேயே ஆல் இன் ஆகி இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் நான்கால். ஃபிளஷ் விழுந்த பிறகு மேலும் வாங்கலாம் என்று 60-ஐக் கட்டுபவர்கள் முதலில் எதிராளியின் முன்னால் எத்தனை சிப் மிச்சம் என்று பார்க்கட்டும். 40தான் இருந்தால் வாங்குவதற்கு என்ன இருக்கிறது?

கூட வரும் துண்டுச்சீட்டில் எந்தக் கை எதை வெல்லும் என்பது மட்டும்தான். சண்டை வரும் விஷயங்கள் அதில் இல்லை. இரண்டே பேர் ஆடினால் பட்டன்காரர்தான் சின்ன பிளைண்ட். முன்னால் பந்தயம் இருக்கும்போது வாயால் சொல்லாமல் ஒரே ஒரு பச்சையை வீசினால் அது ரெய்ஸ் ஆகாது, அந்தப் பந்தயத்தைக் கட்டியதாகத்தான் கணக்கு. 200 உள்ளவர் ஆல் இன் போய், 500 உள்ள இருவரும் முழுவதையும் கட்டினால், முதன்மைப் பாட் 600, பக்கப் பாட் 600. முதலாமவர் முதன்மைப் பாட்டுக்கு மட்டுமே போட்டி.

காசு வைக்காதீர்கள். 1953-ஆம் ஆண்டுச் சூதாட்ட இல்லச் சட்டம் இருக்கிறது, ஒட்டுக்கடை மேசை அதற்கு விலக்கல்ல. காசு இல்லாவிட்டால் எல்லாரும் கண்மூடித்தனமாக ஆல் இன் போவார்கள் என்பது உண்மை. அதற்கு மருந்து: முதலில் காலியானவர் ஆட்டம் முடியும்வரை மற்றவர்களுக்குச் சீட்டுப் போட வேண்டும். ‘555’ என்ற சின்னக் கடன் கணக்கு நோட்டு ஒன்றில் பெரிய பாட் ஒவ்வொன்றுக்கும் நாலு விவரம் எழுதுங்கள்: எந்த இடம், என்ன சீட்டு, பாட் எவ்வளவு, ஏன் கட்டினோம். ஓர் இரவுக்கு 50 கை ஆடுவீர்கள் என்று வையுங்கள். ஆஸ் ஜோடி 221 கைக்கு ஒரு முறை வருவது. ஒரே இரவின் சிப் குவியலை வைத்து யார் கெட்டி என்று பேசுவது வீண், நோட்டைப் பாருங்கள்.

இனி சில்லறைக் குறைகள். பட்டனும் வெள்ளை, சிப்பும் வெள்ளை. பட்டனில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பகடைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். விரிப்பு வராது, வெறும் மேசையில் பிளாஸ்டிக் சீட்டை நகத்தால் கூட எடுக்க முடியாது. பழைய கம்பளி ஒன்றை மடித்து விரியுங்கள். பெட்டி அலுமினியம் இல்லை, மரத்தூள் பலகைமேல் மெல்லிய தகடு. மழைக்காலத்தில் தரையில் வைத்தால் அடிப்பலகை உப்பும். சிப் மட்டுமே மூன்றரைக் கிலோ, தாழ்ப்பாளோ தகரம். கைப்பிடியை நம்பாமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். இல்லாவிட்டால் லயத்து வாசல் சிமெண்டில் 300 சிப்பும் சாக்கடைப் பக்கமாக உருளும்.