அரசின் சர்வரா, அவரவர் கைப்பேசியா: கொரோனாத் தொடர்புச் செயலிகளின் இரு வடிவங்கள்

2020 மார்ச் 20 அன்று சிங்கப்பூர் அரசு, கொரோனா தொற்றியவருக்கு அருகில் இருந்தவர்களைக் கண்டறியும் ‘டிரேஸ்டுகெதர்’ செயலியை வெளியிட்டது. ஏப்ரல் 2 அன்று இந்தியாவின் ‘ஆரோக்ய சேது’ வந்தது. ஏப்ரல் 10 அன்று, மற்ற நாள்களில் கீரியும் பாம்புமாக இருக்கும் ஆப்பிளும் கூகுளும், தொற்று எச்சரிக்கைக்கான ஒரு பொது ஏற்பாட்டைச் சேர்ந்து உருவாக்கப்போவதாக அறிவித்தன. மூன்று வாரத்துக்குள் நடந்த இந்த மூன்றும் ஒரு வாக்குவாதத்தைத் தொடங்கிவைத்தன: யாருக்கு அருகில் யார் இருந்தார் என்ற விவரம் அரசின் சர்வரில் சேர வேண்டுமா, அவரவர் கைப்பேசியை விட்டு வெளியேறாமல் இருக்க வேண்டுமா? உயிர் முக்கியமா, அந்தரங்கம் முக்கியமா என்றுதான் அன்று பலரும் இதைப் பேசினார்கள். எந்த வடிவம் எங்கே வேலை செய்தது என்பதைத் தீர்மானித்ததோ வேறொன்று என்பது என் கருத்து.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. கைப்பேசிகள் ப்ளூடூத் வழியாக, அடிக்கடி மாறும் அடையாள எண்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். அலையின் வலுவைக் கொண்டு இடைவெளி கணிக்கப்படும். பையில் கிடக்கும் கைப்பேசியும், நடுவில் நிற்கும் மனித உடலும், பேருந்தின் இரும்புச் சுவரும் அந்தக் கணிப்பைக் குழப்பும். இந்தக் குறை இரு தரப்புக்கும் பொது என்பதால் அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

வேறுபாடு, ஒருவருக்குத் தொற்று உறுதியான பிறகு தொடங்குகிறது. சிங்கப்பூர் முறையில், அவருடைய கைப்பேசியில் 25 நாள்களாகச் சேர்ந்திருக்கும் சந்திப்புப் பதிவுகள் சுகாதாரத் துறையிடம் செல்லும். அவற்றிலிருந்து தொடர்பில் இருந்தவர்களை அதிகாரிகள் அடையாளம் கண்டு தொலைபேசியில் அழைப்பார்கள். ஆரோக்ய சேது ஒரு படி மேலே போய், பெயர், வயது, பாலினம், தொழில் ஆகியவற்றைப் பதிவின்போதே பெற்றுக்கொண்டதுடன், ஜிபிஎஸ் மூலம் இருப்பிடத்தையும் குறித்துக்கொண்டது. ஆப்பிள்–கூகுள் முறையில், தொற்றுள்ளவரின் கைப்பேசி தன் அன்றாடக் குறியீடுகளை மட்டும் வெளியிடும். மற்றவர்களின் கைப்பேசிகள் அவற்றை இறக்கித் தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டு, பொருந்தினால் உரியவரை எச்சரிக்கும். யார் எச்சரிக்கப்பட்டார் என்பது அரசுக்குத் தெரிய வழியிருக்கவில்லை. இருப்பிடத்தைக் கேட்கும் செயலிக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இருக்கவில்லை.

காகிதத்தில் பார்த்தால் சுகாதாரத் துறைக்கு முதல் முறைதான் பயன்மிக்கது. நோய் எங்கே குவிகிறது, ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது என்பவற்றை அது காட்டக்கூடும். இரண்டாவது முறை அவற்றைக் காட்டவே முடியாதபடி கட்டப்பட்டது. ஆனால் அந்தக் காகிதக் கணக்கு ஐபோனின் வாசலில் நின்றுபோனது. பின்னணியில் கிடக்கும் செயலி தாராளமாக ப்ளூடூத் அலை அனுப்புவதை ஆப்பிள் நெடுங்காலமாகவே கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. எனவே சிங்கப்பூரில் ஐபோன் வைத்திருந்தவர்கள் செயலியைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டியதாயிற்று. நாள் முழுக்க அப்படி வைத்திருப்பவர் யார்? பிரிட்டன் தன் சொந்தச் செயலியை 2020 மே மாதத்தில் வைட் தீவில் சோதித்தபோது, அருகிலிருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சுமார் 75 விழுக்காட்டையும் ஐபோன்களில் வெறும் 4 விழுக்காட்டையும்தான் அது கண்டுகொண்டது. அந்தத் தடை இல்லாத ஆப்பிள்–கூகுள் முறையோ 99 விழுக்காட்டைக் கண்டுகொண்டது, இடைவெளியைத்தான் சரியாகக் கணிக்கவில்லை. ஜூன் 18 அன்று பிரிட்டன் தன் வடிவத்தைக் கைவிட்டது. ஜெர்மனி அதற்கு முன்பே, ஏப்ரல் இறுதியில், மையச் சர்வர் திட்டத்தை விட்டுவிட்டு மறுபக்கம் வந்திருந்தது.

விட்டுக்கொடுக்காத பிரான்சின் கதை வேறு. தன் பொதுச் சுகாதாரத்தின் விதிகளை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் வகுப்பதா என்ற அதன் கேள்வி முழுக்க நியாயமானது, இன்றும் நியாயமானதுதான். ஆயினும் ஜூன் மாதத்தில் வெளியான அதன் செயலி முதல் மூன்று வாரங்களில் சுமார் 19 லட்சம் முறை தரவிறக்கப்பட்டு, 14 எச்சரிக்கைகளை அனுப்பியது. பதினான்கு லட்சமல்ல, பதினான்கு. ஆஸ்திரேலியாவின் கோவிட்சேஃப் செயலி 2022-இல் மூடப்பட்டபோது, வேறு வழியில் தெரியவராத 17 நெருங்கிய தொடர்புகளை மட்டுமே அது கண்டறிந்திருந்தது என்று சுகாதார அமைச்சரே சொன்னார்.

நம்பிக்கை என்ற கணக்கிலும் மையச் சர்வருக்கு அடி விழுந்தது. தொடர்பு கண்டறிய மட்டுமே பயன்படும் என்று சொல்லப்பட்ட டிரேஸ்டுகெதர் விவரங்களைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் வெளியானது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பிட்டு ஒரு சட்டம் இயற்ற வேண்டிவந்தது. இந்தியாவில் 2020 மே 1 அன்று அலுவலக ஊழியர் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்ட ஆரோக்ய சேது, மே 17 அன்று ‘இயன்ற அளவு’ என்று தளர்த்தப்பட்டது. செயலியின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டது அதற்கும் பிறகு, மே 26 அன்றுதான். ஆணை முதலில், விளக்கம் பிறகு என்ற இந்த வரிசையைத்தான் நான் குறையாகச் சொல்வேன். வாசலில் காவலாளியிடம், ஆபத்தில்லை என்று சொல்லும் செயலியின் பச்சைத் திரையைக் காட்டிவிட்டு, உள்ளே போனதும் ப்ளூடூத்தை அணைத்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தச் சர்வரும் சொல்லாது.

அப்படியானால் விவரத்தை அவரவர் கைப்பேசியிலேயே விட்டுவைக்கும் பரவலாக்கிய முறை பயன் தந்ததா? ஆப்பிள்–கூகுள் முறையில் அமைந்த, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் இரண்டாவது செயலியைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் 2021-இல் வெளிவந்த ஆய்வு, 2020 செப்டம்பர் இறுதி முதல் டிசம்பர் வரை அச்செயலி சுமார் 17 லட்சம் எச்சரிக்கைகளை அனுப்பியது என்றும், கணக்கிடும் முறையைப் பொறுத்து 2,84,000 அல்லது 5,94,000 தொற்றுகளைத் தவிர்த்தது என்றும் மதிப்பிட்டது. இரண்டு எண்களுக்கும் உள்ள தூரமே இது எவ்வளவு மங்கலான கணக்கு என்பதைக் காட்டுகிறது. யார் எச்சரிக்கப்பட்டார், வீட்டில் இருந்தாரா என்பதை அறியும் வழியைத் துண்டித்துவிட்டால் மதிப்பீடு இப்படித்தான் இருக்கும். 2021 ஜூலையில் எச்சரிக்கைகள் குவிந்து வேலைக்கு ஆள் வராமல் கடைகள் திணறியபோது, செயலியையே நீக்கியவர்களும் இருந்தார்கள்.

மைய முறை தருவதாகச் சொன்ன நோய் அறிவு வேறொரு வழியாக வந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் தொடர்பு தேடிச் சேர்த்த பதிவுகளிலிருந்து, 84,965 நோயாளிகளின் 5,75,071 தொடர்புகளை அலசிய ஆய்வு 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விவரம் கிடைத்த நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் தொடர்புகள் ஒருவருக்கும் தொற்றவில்லை, ஒரு சிறு பகுதியினரே பெரும்பாலும் பரப்பினர் என்று அது காட்டியது. எனவே என் தெரிவு இது: எச்சரிக்க மட்டும் வேண்டுமென்றால் பரவலாக்கிய செயலி, நோயைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஊதியமும் ஆள்பலமும் உள்ள சுகாதாரத் துறை. இரண்டு வேலையையும் ஒரே செயலியின் தலையில் கட்டியதுதான் பிழை.

ஆப்பிளின் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போக சிங்கப்பூர் ஒரு வழி கண்டது. கைப்பேசியே தேவைப்படாத, பையில் போட்டுக்கொள்ளும் சிறு டோக்கனை அது குடிமக்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அறுபது லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் தீவில் அது முடிந்தது. இந்தியாவில் சாதாரண பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 1921 என்ற எண். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வந்து காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்கும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது அந்த போனுக்குத் தெரிய வழியில்லை. ஆப்பிள்–கூகுள் முறையும் தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 6, ஐஓஎஸ் 13.5 ஆகியவற்றுக்குக் கீழே உள்ள கைப்பேசிகளில் ஓடவில்லை.