கோத்தகிரியிலிருந்து நான்கு வருஷ ஒலிப்புத்தக வாசிப்பு

பதிப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவச ஒலிப்புத்தகமாக வெளியிடும் இணையதளம் லிப்ரிவாக்ஸ். அதில் நான் தன்னார்வலராக வாசிக்கத் தொடங்கி நான்கு வருஷம் ஆகிறது. "குரல் நல்லா இருக்கணுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே குரல் தேர்வே கிடையாது. ஒரு நிமிஷம் வாசித்து அனுப்பச் சொல்வார்கள். இரைச்சல், ஒலியளவு, இந்த மாதிரி விஷயங்களைத்தான் பார்ப்பார்கள். நான் அதற்கே மூன்று தடவை அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை.

மலையில் ஒரே அமைதி என்பது கீழே இருப்பவர்களின் நினைப்பு. ஐப்பசி மழை கூரையில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மழை இல்லாவிட்டால் நாய், ஜீப், டீ ஃபாக்டரி சங்கு. கடைசியில் எனக்கு வாய்த்தது விடிகாலை நாலு மணிதான். அதிலும் ஒரு முறை, என் பதிவைக் கேட்டுச் சரிபார்த்தவர், பதிவின் 12ஆம் நிமிஷம் 40ஆம் நொடியில் யாரோ விசிலடிப்பதாகக் குறிப்பு அனுப்பினார். சீகாரப் பூங்குருவி! இப்போதெல்லாம் அது எழுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

முதலில் வாங்கிய கண்டென்சர் மைக் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் விடாமல் பிடித்தது. டைனமிக் மைக்குக்கு மாறினேன். வாயருகே வைத்துப் பேச வேண்டும், ஆனால் தூரத்துச் சத்தம் அவ்வளவாக ஏறாது. கம்பளிகள் அடுக்கிய பீரோவைத் திறந்து, அதைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கிறேன். எதிரொலி போய்விட்டது. மென்பொருளில் இருக்கும் இரைச்சல் நீக்கியை மட்டும் அளவோடு போடுங்கள். கூடினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

தப்பு வந்தால் பதிவை நிறுத்தாமல் மைக்கருகே விரலைச் சொடுக்கிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி வாசிப்பேன். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் அலை வரைபடத்தில் அந்தச் சொடுக்கு குச்சி மாதிரி நிற்கும், வெட்ட வேண்டிய இடம் தேடாமலே தெரியும். பழைய நாவல்களில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது. மூச்சு விடும் இடத்தில் பென்சில் கோடு போட்டுக்கொள்ளாமல் நான் உட்காருவதில்லை. இருபது நிமிஷ அத்தியாயத்துக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரமாவது போகும். கடைசியில் லிப்ரிவாக்ஸ் கேட்கிறபடி 128 கேபிபிஎஸ் எம்பி3, ஒலியளவு 89 டெசிபல் சுமாருக்கு. அவ்வளவுதான்.

புத்தகம் எடுக்கும்போது பதிப்புரிமை முடிந்ததா என்று இரண்டு கணக்குப் பார்க்கிறேன்: அமெரிக்கச் சட்டத்துக்காக, வெளியாகி 95 வருஷம் தாண்டியதா, நம் சட்டத்துக்காக, ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆனதா. காசு கிடையாது. பதிவும் பொதுவுடைமைதான், நம் குரலை யாராவது விற்றாலும் தட்டிக்கேட்க முடியாது. அது உறுத்துகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. எனக்கு உறுத்தவில்லை.

புதிதாக வருகிறவர்கள் முழுப் புத்தகத்தைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். பலர் சேர்ந்து வாசிக்கும் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் கேட்டு வாங்குங்கள். நான் ஐப்பசி, கார்த்திகையில் அதையும் கேட்பதில்லை. இப்போது ஒன்று பாதியில் நிற்கிறது, மழை விட்டதும் மீதியை வாசிக்க வேண்டும்.