நாலு லென்ஸ், ஆறு வருசம்: நம்ம வீட்டு ஹாலுக்கு எது தேறுச்சு

பொண்ணோட மொத பொறந்தநாளு. எல்லாரும் ஹால்ல நின்னு கேக் வெட்டிட்டு இருக்காங்க, நான் மட்டும் அடுப்படிக்குள்ள, கேஸ் சிலிண்டர் காலுல இடிக்க, கதவு நெலை வழியா கேமராவ நீட்டிட்டு நிக்கேன். ஆச்சி ஹால்ல இருந்து சத்தம் போடுறா, "ஏல, பிள்ளைக்க அப்பன் எங்கல போனான், கேக்கு வெட்டணும்லா." நான் எங்கயும் போகல, என் கையில இருந்தது 50 எம்எம் லென்ஸ் (எம்எம் கூடக் கூட படம் நெருக்கமா, அகலம் கொறைச்சலா தெரியும்), அதுல எல்லாரும் அடங்கணும்னா எனக்கு நிக்க எடம் அங்கதான் கெடச்சுது.

அந்த லென்ஸ வாங்கச் சொல்லாத ஆளே கிடையாது. 2018 கடைசில கேனான் 200டி கேமரா வாங்குனேன், கூட 18-55 கிட் லென்ஸ், அதாவது கேமராவோட சேத்துக் குடுக்குற ஜூம் லென்ஸ், வந்துச்சு. ஒரு மாசம் ஆகல, தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாரும் ஒரே பாட்டு, "கிட் லென்ஸ்லாம் வேஸ்ட், 50 எம்எம் எஃப் 1.8 எடு, அப்புறம் பாரு". எடுத்தேன். எஃப்க்கு பின்னால வர்ற நம்பர் கொறைஞ்சா வெளிச்சம் அதிகமா உள்ள போகும், அதான் விசயம். எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. இப்ப ஆறு வருசம் ஓடிருச்சு, இடையில இன்னும் ரெண்டு லென்ஸ் வந்து சேந்துச்சு, கொஞ்சம் காசு தண்டமாவும் போச்சு, அதனால இத எழுதுறேன். நான் போட்டோ எடுத்து சம்பாதிக்கிற ஆள் கிடையாது, பிள்ளை, ஆச்சி, காதுகுத்து, வளைகாப்பு, ஸ்கூல் ஆண்டு விழா, இவ்வளவுதான் என் ஏரியா. ஊரு நாகர்கோவில், இது ஏன் முக்கியம்னு கீழ ஃபங்கஸ் (லென்ஸுக்குள்ள வளர்ற பூஞ்சை) கதைல வரும்.

50 எம்எம் மோசம்னு சொல்ல வரல. பிள்ளை பொறந்து ஊர்ந்து போற வரைக்கும் அதுதான் தெய்வம். நம்ம வீடுங்கள்ல ராத்திரி வெளிச்சம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, ஒரு டியூப்லைட், அதுவும் சுவத்துல ஒரு ஓரமா. கிட் லென்ஸ 55ல வச்சா எஃப் 5.6தான் கெடைக்கும். 1.8ன்னா அதவிட கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள போகும், அதாவது ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த ஏத்திக் காட்டுற அளவு, கூடுனா படம் புள்ளி புள்ளியா வரும்) 6400 கேட்ட எடத்துல 640 வச்சா போதும். வித்தியாசம் பாக்குறதுக்கு கம்ப்யூட்டர்லாம் வேண்டாம், கேமரா ஸ்க்ரீன்லயே தெரியும், 6400ல பிள்ளை கன்னத்துல ரவை கொட்டுன மாதிரி இருக்கும். மத்தியானம் ஜன்னல் பக்கத்துல தொட்டில்ல தூங்குறப்ப எடுத்த ஒரு படம் இருக்கு, இன்னிக்கும் என் போன்ல அதுதான் வால்பேப்பர்.

பிரச்சன எங்க வந்துச்சுன்னா, ரெண்டு எடத்துல. ஒண்ணு, எஃப் 1.8ல ஒண்ணரை மீட்டர் தூரத்துல நின்னு எடுத்தா மொத்தமா ஒரு ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான் ஷார்ப்பா வரும். தூங்குற பிள்ளைக்கு அது போதும். ஓடுற பிள்ளைக்கு? நீங்க அமுக்கி முடிக்கிறதுக்குள்ள அது அரை அடி முன்னால வந்துரும், காது பளிச்சுனு இருக்கும், கண்ணு கலங்கிக் கெடக்கும். நான் ஒரு வருசம் கேமராவ திட்டிட்டு இருந்தேன், தப்பு என் மேல, எஃப் 2.8க்கு எறக்கி ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா பதினேழு சென்டிமீட்டர் கெடைக்குது, பாதி தோல்வி அதுலயே கொறஞ்சுது. இதுலயே இன்னொரு விசயம், 200டில வ்யூஃபைண்டர் வழியா பாத்தா ஃபோகஸ் பாயின்ட் ஒம்பதுதான், அதுல நடு பாயின்ட் ஒண்ணுதான் கிராஸ் டைப், அதாவது நெடுக்கயும் குறுக்கயும் பாத்து நல்லா பிடிக்கிறது. லைவ் வ்யூல ஸ்க்ரீன பாத்து எடுத்தா மூஞ்சிய அதுவே பிடிச்சு தொரத்தும். எல்லாரும் வ்யூஃபைண்டர்தான் கெத்துன்னு சொல்லுவாங்க, பிள்ளைய எடுக்கணும்னா கெத்த விட்டுட்டு ஸ்க்ரீன திருப்புங்க, தரைல கேமராவ வச்சுக்கூட எடுக்கலாம், நமக்கு முட்டி மிச்சம்.

ரெண்டாவது பிரச்சனதான் அந்த அடுப்படி. 200டி சென்சார் சின்னது, 1.6 மடங்கு கணக்கு, 50 போட்டா 80 மாதிரி நெருக்கமா தெரியும். ஆறு பேர் தோளோட தோள் ஒட்டி நின்னா சுமாரா மூணு மீட்டர் அகலம். அத 50ல அடக்க இருபத்திரெண்டு அடி பின்னால போகணும். 24ல பத்தரை அடி. 18ல எட்டு அடி. எங்க ஹால் நீளம் பதினாலு அடி, அதுலயும் சோபா மூணடி தின்னுடும். இந்தக் கணக்க லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒருத்தன் எனக்கு சொல்லிருந்தா அன்னிக்கு நானும் ஹால்ல நின்னுருப்பேன். ஆனா யூட்யூப்ல லென்ஸ் காட்டுறவன் எல்லாம் பார்க்குல மாடல நிக்க வச்சு பின்னால எலையெல்லாம் உருண்டை உருண்டையா மங்கலா தெரியுறதத்தான் காட்டுறான், பத்துக்கு பதினாலு ஹால்ல மாமியார், மாமனார், மைனி, மைனி பிள்ளைங்க ரெண்டு, ஒரு ஸ்டூல் மேல கேக்கு, இதக் காட்டுனவன நான் பாத்ததில்ல.

சரி, அடுத்து என்ன வாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு வேல செஞ்சேன், இத நீங்களும் செஞ்சு பாருங்க, காசு செலவில்ல. கம்ப்யூட்டர்ல பழைய கிட் லென்ஸ் படங்கள் இருக்குற ஃபோல்டர தொறந்து, டீடெய்ல்ஸ் வ்யூல ஃபோகல் லென்த் (அந்த எம்எம் அளவு)ங்குற கட்டத்த (column) சேத்து, அத வச்சு வரிசைப்படுத்தணும். எனக்கு பாதிக்கு மேல 18ல இருந்து 28க்குள்ள விழுந்துச்சு, அப்புறம் ஒரு குவியல் கடைசி எல்லையான 55ல. நடுவுல 35, 40ல்லாம் சும்மா அங்கங்க. அதாவது நான் ஒண்ணு வீட்டுக்குள்ள எடம் பத்தாம அகலமா எடுக்கேன், இல்லைன்னா எட்டாம முட்டிட்டு நிக்கேன். எந்த ரிவ்யூவும் சொல்லாதத என் ஃபோல்டர் சொல்லிருச்சு.

அப்படித்தான் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் (எஸ்டிஎம்னா உள்ள இருக்குற ஃபோகஸ் மோட்டார் வகை) வந்துச்சு, கேனான்ல பான்கேக்னு சொல்லுவாங்க, தோசை மாதிரி தட்டையா இருக்கும், 125 கிராம், நீளம் ரெண்டே கால் சென்டிமீட்டர் சொச்சம்தான். கிட்டத்தட்ட பத்தாயிரம் ஆச்சு. எஃப் 2.8ன்னதும் கொஞ்சம் தயங்குனேன், 1.8 பாத்த கண்ணுக்கு 2.8 கம்மியா தோணும். ஆனா இதே 24ல வச்ச கிட் லென்ஸ விட கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம். ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அது பெரிய நஷ்டமா எனக்கு தோணல, ஸ்டெபிலைசேஷன் நம்ம கை நடுக்கத்ததான் சரி பண்ணும், பிள்ளை ஓடுறத அது நிறுத்தாது. இத மாட்டுனா, வேட்டி கட்டிட்டு தோள்ல போடுற சின்ன பைல கூட கேமரா போயிரும். திருச்செந்தூர்ல மொட்டை போட போனப்ப இது ஒண்ணுதான் எடுத்துட்டு போனேன், வேற பை தூக்கல, கூட்டத்துல ஒரு கையில பிள்ளை, ஒரு கையில கேமரா. பதினாறு சென்டிமீட்டர் வரைக்கும் பக்கத்துல போய் ஃபோகஸ் பண்ணும், அதனால எலைல சாப்பாடு, பிள்ளை கால் விரலு, மருதாணி கை, எல்லாம் உக்காந்த எடத்துலயே எடுக்கலாம். 50க்கு கொறஞ்சது முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும்.

ஒரு எச்சரிக்கை, 24 வச்சு மூஞ்சிக்கு ரொம்ப பக்கத்துல போகாதீங்க, மூக்கு பெருசா வரும். மைனிய அப்படி ஒண்ணு எடுத்து குடும்ப குரூப்ல போட்டுட்டேன், இன்னும் மன்னிப்பு கெடைக்கல.

வீட்டுல எல்இடி பல்பு போட்டிருக்கீங்கன்னா இன்னொரு தொல்லை இருக்கு. படத்துல குறுக்கால கருப்பு கருப்பா பட்டை விழும், இல்லைன்னா ஒரு படம் மஞ்சளா அடுத்தது மங்கலா வரும். லென்ஸ் ரிப்பேருன்னு நெனச்சு கடைக்கு தூக்கிட்டு போயிராதீங்க. நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான பல்பு செகண்டுக்கு நூறு தடவ மினுங்கும், ஷட்டர் வேகத்த 1/100 செகண்ட், இல்லைன்னா 1/50ல வச்சா பட்டை போயிரும். 1/50ல பிள்ளை அசைஞ்சா கலங்கும், அதனால நான் 1/100ல நிறுத்திக்கிறேன்.

மூணாவதா 55-250 எஸ்டிஎம், செகண்ட் ஹேண்ட். இதுல வாங்குன அடி பெருசு. ஒருத்தர் கிட்ட ஆன்லைன்ல பாத்து, நேர்ல போய், வெளிய கண்ணாடிய தொடச்சு பாத்து, ரெண்டு படம் எடுத்து பாத்து, சந்தோசமா வாங்கிட்டு வந்தேன். ஒரு வாரம் கழிச்சு வெயிலுக்கு எதிரா எடுத்தா படம் முழுக்க வெள்ளையா பூத்து கெடக்கு. போன் டார்ச்ச பின்பக்க கண்ணாடில அடிச்சு முன்னால இருந்து பாத்தா உள்ள செலந்தி வலை மாதிரி நூல் நூலா ஃபங்கஸ். வித்தவரு போன எடுக்கல. சுத்தம் பண்ண கேட்ட கூலி லென்ஸ் வெலைல பாதி, அதோட கோட்டிங் போயிருக்கலாம்னும் சொன்னாங்க. சவத்த விட்டுட்டேன். ரெண்டாவது தடவ வேற ஒரு 55-250 வாங்குறப்ப டார்ச் அடிச்சு பாத்துத்தான் கைல காசு குடுத்தேன்.

எங்க ஊருல தென்மேற்கு பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் துணியே காயாது, லென்ஸ் எப்படி காயும். ட்ரை கேபினட் (ஈரம் அண்டாம வைக்கிற அலமாரி) வாங்க மனசு வரல, லென்ஸ் வெலையே ஆயிரும். அதுக்கு பதிலா காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், அளந்து பாக்க ஒரு குட்டி ஈரப்பத மீட்டர், எல்லாம் சேத்து ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. முள்ளு நாப்பதுல இருந்து அம்பதுக்குள்ள நின்னா போதும். நீல ஜெல் ரோஸ் கலரா மாறுனா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், சூடு பண்ணுனா திரும்ப நீலமாகும், ஆனா சமைக்கிற சட்டில வறுக்காதீங்க, அதுல கோபால்ட் இருக்கு, அதுக்குன்னு ஒரு பழைய சட்டி ஒதுக்குங்க. அரிசிக்குள்ள போடுற ஆளுங்களும் இருக்காங்க, தவிடுதான் லென்ஸுக்குள்ள போகும். அதவிட முக்கியம், கேமரா பைக்குள்ளயே மாசக்கணக்கா வச்சு பூட்டிராதீங்க.

55-250 எதுக்கு உதவுதுன்னா ஸ்கூல் மேடைக்கு. பெத்தவங்களுக்கு பத்தாவது வரிசைதான் எடம், அங்க இருந்து 24ம் 50ம் ஒண்ணும் பண்ணாது. எஃப் 5.6தான் கெடைக்கும், ஐஎஸ்ஓ 3200க்கு மேல போகும், ரவை விழும், விழட்டும், பொண்ணு மூஞ்சி தெரியணும். வருசத்துக்கு நாலஞ்சு நாள் வேல. இத புதுசா வாங்காதது நல்லதாப் போச்சு.

நிக்கான்காரங்களுக்கு ஒரு வார்த்தை. என் மச்சான் டி3500 வச்சிருக்கான், என்கிட்ட கேக்காம போனதால 50 எம்எம் எஃப் 1.8டி வாங்கிட்டு வந்துட்டான், வெல கம்மின்னு. மாட்டுனா ஆட்டோஃபோகஸே ஆகல. அந்த டி லென்ஸுக்கு ஃபோகஸ் மோட்டார் கேமராக்குள்ள இருக்கணும், டி3500ல அது கிடையாது. லென்ஸ்லயே மோட்டார் இருக்குற ஏஎஃப்-எஸ் இல்லைன்னா ஏஎஃப்-பின்னு போட்டிருக்கணும். அவனுக்கு சரியானது 35 எம்எம் எஃப் 1.8ஜி டிஎக்ஸ் (டிஎக்ஸ்னா நிக்கானோட சின்ன சென்சாருக்கானது), 2009ல வந்த பழைய லென்ஸ், இருநூறு கிராம், வீட்டுக்குள்ளயும் எடம் பத்தும், ஆளையும் அழகா காட்டும். உள்ளதச் சொல்லணும்னா கேனான் சின்ன சென்சாருக்கு இந்த வெலைல இப்படி ஒரு 35 எஃப் 1.8 இல்லைங்குறதுல எனக்கு பொறாமைதான்.

இன்னிக்கு யாராச்சும் என்கிட்ட பத்தாயிரம் இருக்குன்னு வந்தா, மொதல்ல லென்ஸே வாங்கச் சொல்ல மாட்டேன். வீடு கான்கிரீட் கூரை, வெள்ளை அடிச்சிருக்குன்னா அந்தக் காசுக்குள்ள கோடாக்ஸ் டிடி600 மாதிரி ஒரு ஃப்ளாஷ் வாங்கி, தலைய மேல திருப்பி கூரைல அடிச்சு எடுங்க, கிட் லென்ஸ்லயே மண்டபத்துல எடுத்த மாதிரி வெளிச்சம் வரும், எஃப் 5.6ல எல்லார் மூஞ்சியும் ஷார்ப்பா விழும். ஓட்டு வீடுன்னா இது நடக்காது, ஆச்சி வீட்டுல முயற்சி பண்ணி படம் பூரா செவ செவன்னு வந்துச்சு. இன்னொண்ணு, கேனான்ல 1500டி, 3000டி, 200டி 2ன்னா அந்த ஃப்ளாஷ் வேல செய்யாது, ஃப்ளாஷ் மாட்டுற எடத்துல நடு பின்ன எடுத்துட்டாங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்த எடத்துல நடுவுல வட்டமா ஒரு புள்ளி இருக்கான்னு பாத்துக்கோங்க.

இதெல்லாம் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச கேமரா) கதை, இப்ப கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா அதனாலதான் செகண்ட் ஹேண்ட்ல இந்த லென்ஸ்லாம் மலிவா கெடைக்குது, நாளைக்கு கேனானோட மிரர்லெஸ் ஆர்50 மாதிரி ஒண்ணு வாங்குனாலும் அடாப்டர் போட்டு இதையே ஓட்டலாம், அடாப்டருக்குத்தான் தனி காசு. நான் இப்போதைக்கு மாறல.

கேமரால இப்ப மாட்டியிருக்குறது 24தான், பெரும்பாலும் அத கழட்டுறதே இல்ல. 50 ஆச்சிக்குன்னு ஆயிருச்சு, அவ காலையில திண்ணைல உக்காந்து முருங்கக்கீரை ஆயுறப்ப மட்டும் எடுக்கேன், அவ நகர மாட்டா. கிட் லென்ஸ் டப்பாக்குள்ள தூங்குது. 55-250ஐ போன மாசம் அத்தான் ஒரு வாரத்துக்குன்னு வாங்கிட்டு போனாரு, கேட்டா "குருவி எடுத்துட்டு இருக்கேன் மாப்ள"ங்குறாரு. அடுத்த ஆண்டு விழாவுக்குள்ள அது வரணும்.