லேசான பெல்லட்டோடு நான்கு வருடம்: ஸ்பிரிங் மாற்றிய கையோடு எழுதுவது

போன வாரம் என் ஏர் ரைஃபிளைப் பிரித்தேன், காற்றழுத்தத்தில் பெல்லட் என்கிற சின்னக் குண்டைச் சுடும் துப்பாக்கி அது. ஸ்பிரிங் இரண்டு துண்டு, பிஸ்டனில் காற்று கசியாமல் அடைக்கும் சீலின் முகமெல்லாம் வெடிப்பு. இரண்டையும் மாற்றி மறுபடி பூட்டி முடித்த அன்றைக்குத்தான் நண்பர் ஒருவர் கேட்டார், "ஈயம் இல்லாத அந்த லேசான பெல்லட்டை வாங்கலாமா?" என்று. நான்கு வருடமாகப் பாதிக்குப் பாதி அதைத்தான் சுட்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

குழலை மடக்கிக் காக் செய்யும், அதாவது ஸ்பிரிங்கை அழுத்திச் சுடத் தயாராக்கும் சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கி, குழல் விட்டம் 4.5 மி.மீ. நான் வழக்கமாகப் போடும் ஈய பெல்லட் 0.53 கிராம், இந்த லேசானது 0.34. துப்பாக்கிப் பெட்டியில் போட்டிருந்த வேகம் இந்த மாதிரி லேசான பெல்லட்டில் அளந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வைத்துப் பார்த்தேன். ஈயம் வினாடிக்கு 245 மீட்டர், இது கிட்டத்தட்ட 300. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டால் இரண்டின் ஆற்றலும் 15-16 ஜூல் அளவில்தான் வருகிறது, கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு எரிச்சல் இங்கேதான். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும்போது முன்னால் நசுங்கும் காற்றுதான் அதற்கு மெத்தை, பெல்லட் கொஞ்சம் தாக்குப்பிடித்து நின்றால்தான் அந்த மெத்தை உருவாகும். லேசான பெல்லட் சீக்கிரமே கிளம்பிப் போய்விடுகிறது, பிஸ்டன் வேகம் குறையாமல் போய்ச் சிலிண்டரின் முனையில் மோதுகிறது. அந்தச் சத்தத்தை முதல் நாளே கேட்டேன், வறண்ட, உலோகத்தோடு உலோகம் மோதுவது போன்ற ஒரு 'டங்'. அதைச் சக்தி என்று நினைத்துக்கொண்டேன். குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகுகள் மாதத்துக்கு ஒரு தடவை தளர்ந்தபோதாவது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

குறி விஷயத்தில் 10 மீட்டரில் குறையே சொல்ல முடியாது, ஒரே ஓட்டையில் நாலைந்து போகும். 25 மீட்டருக்குப் போனால் கதை வேறு. ஈயம் இரண்டரை செ.மீ. வட்டத்துக்குள் நிற்கும் இடத்தில் இது ஆறு செ.மீ. வரை சிதறுகிறது. எடை குறைவு என்பதால் வேகத்தைச் சட்டென்று இழக்கிறது, பக்கக் காற்றுக்கும் ஒதுங்கிவிடுகிறது. உலோகமும் கடினம். ஈயத்தின் பின்விளிம்பு அழுத்தத்தில் விரிந்து குழலை இறுக்கிப் பிடிக்கும், இது அவ்வளவாக விரிவதில்லை. உள்ளே தள்ளவே கட்டைவிரல் வலிக்கும், குளிர்நாளில் இன்னும் மோசம்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நூறு பெல்லட் சுட்ட பிறகும் விரல் கறுப்பதில்லை. ஈயம் சுட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் குழந்தையைத் தூக்க எனக்கு மனசு வராது, சட்டையைக்கூட மாற்றுவேன். இந்தப் பெல்லட் சுட்ட நாளிலும் கை கழுவுவேன்தான், ஆனால் அந்தப் பயம் இல்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வாங்கும்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே டப்பா டப்பாவாக வாங்கினேன்.

ஸ்பிரிங் உடைந்ததற்கு முழுப் பழியையும் இதன்மேல் போட முடியாது. சுடாமலே காக் செய்து வைத்துவிட்டு நெடுநேரம் காத்திருக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதுவும் ஸ்பிரிங்கைத் தளரவைக்கும். அப்புறம், காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி துப்பாக்கியில் மோதுவதற்குப் பிஸ்டனே கிடையாது, அவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. நண்பரிடம் இருப்பதோ என்னுடையது போன்ற ஸ்பிரிங் துப்பாக்கி. வாங்காதீர்கள் என்றே சொல்லிவிட்டேன். சீலைப் பூட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடிய கோபம் அந்தப் பதிலில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

புது ஸ்பிரிங்கில் நேற்று ஈயம் சுட்டேன். உதைப்பு மெத்தென்று இருந்தது, அந்த 'டங்' இல்லை. முடித்துவிட்டுக் குழாயடியில் நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது மிச்சமிருக்கும் அந்த லேசான பெல்லட் பாதி டப்பா ஞாபகம் வந்தது. யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, என்னிடமே இருக்கட்டும்.