தொப்பைக்குள் போய் அடைவது எது: பாமாயிலா, சூரியகாந்தியா, சர்க்கரையா?

தேவைக்கு மேல் சாப்பிட்டால் எடை கூடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூடுகிற கொழுப்பு தோலுக்கடியில், தொடையிலும் இடுப்பிலும் தங்குகிறதா, அல்லது வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் போய்ச் சேருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் சர்க்கரை நோய், மாரடைப்பு ஆபத்தெல்லாம் பெருமளவு மாறுகிறது. ஒல்லியாக இருப்பவருக்குக்கூட ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று வருவதை இப்போது எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அதனால் "கலோரி கலோரிதான், எதில் வந்தால் என்ன" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் எண்ணெய்க்கு எண்ணெய். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இது. சரியான எடையில் இருந்த 39 இளைஞர்களுக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினமும் கூடுதலாக மஃபின் கொடுத்தார்கள். எல்லா மஃபினும் ஒரே மாதிரிதான், எண்ணெய் மட்டும் வேறு: ஒரு குழுவுக்குப் பாமாயில், இன்னொரு குழுவுக்குச் சூரியகாந்தி. ஏழு வாரத்தில் இரண்டு குழுவிலும் ஆளுக்குச் சுமார் 1.6 கிலோ ஏறியது. எடை மெஷினில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, எம்ஆர்ஐ-யில்தான் தெரிந்தது. பாமாயில் குழுவுக்குக் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது, வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பும் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. சூரியகாந்தி குழுவில் ஏறிய எடையில் தசையின் பங்கு அதிகம்.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் தப்பாகிவிடும். ஏனென்றால் அதே ஆய்வாளர்கள் 2019-இல் அதிக எடை உள்ளவர்களை வைத்து எட்டு வாரம் திரும்பச் செய்தபோது, கல்லீரல் விஷயம் அப்படியே உறுதியானது (பாமாயிலில் கூடியது, சூரியகாந்தியில் கூடவில்லை), ஆனால் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பில் வேறுபாடு இல்லை. ஆக, எந்த எண்ணெய் என்பது கல்லீரலுக்கு நிச்சயம் முக்கியம். தொப்பை விஷயத்தில் அவ்வளவு அடித்துச் சொல்ல முடியாது.

சரி, சர்க்கரை எங்கே நிற்கிறது? ஃபின்லாந்தில் 2018-இல் வெளியான ஆய்வில் நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெயிலும் பாமாயிலிலும் அதிகம் இருக்கும், எளிதில் உறையும் வகை), நிறைவுறாத கொழுப்பு (ஆலிவ், சூரியகாந்தி எண்ணெய்களில் அதிகம் இருக்கும் வகை), சர்க்கரை மூன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். மூன்று வாரத்துக்குத் தினமும் 1000 கலோரி கூடுதல்: ஒரு குழுவுக்கு வெண்ணெய், சீஸ், தேங்காய் எண்ணெய், இன்னொரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய், கொட்டைப் பருப்பு, மூன்றாவது குழுவுக்கு ஆரஞ்சு ஜூஸ், கூல்டிரிங்ஸ், மிட்டாய். கல்லீரல் கொழுப்பு முதல் குழுவில் 55 சதவீதம் கூடியது, சர்க்கரை குழுவில் 33, ஆலிவ் குழுவில் 15. வழியும் வேறு வேறு. சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் உடம்பில் ஏற்கெனவே சேமித்த கொழுப்பு கரைந்து கிளம்பிக் கல்லீரலுக்கு வருகிறது. (தேங்காய் எண்ணெயை மட்டும் தனியாகக் குற்றம் சொல்ல இந்த ஆய்வு போதாது, வெண்ணெயும் சீஸும் சேர்ந்துதான் கொடுத்தார்கள்.)

இதைப் பார்த்துவிட்டு "அப்போ சர்க்கரை பரவாயில்லை" என்று யாராவது கிளம்பினால், அவர்களுக்கு டென்மார்க்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதிக எடை உள்ள 47 பேரைப் பிரித்து ஆறு மாதம் தினமும் ஒரு லிட்டர் குடிக்க வைத்தார்கள்: சர்க்கரை போட்ட கோலா, கொழுப்பு குறைத்த பால், டயட் கோலா, தண்ணீர். கோலாவிலும் பாலிலும் ஏறக்குறைய ஒரே கலோரி. ஆனாலும் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு கூடியது கோலா குழுவுக்குத்தான். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் (பழங்களில் இருக்கும் சர்க்கரை வகை), மீதி குளுக்கோஸ்; சிக்கல் பெரும்பாலும் அதில்தான். கலிஃபோர்னியாவில் குளுக்கோஸ் பானமும் ஃபிரக்டோஸ் பானமும் பத்து வாரம் கொடுத்துப் பார்த்தபோது எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது, வயிற்றுக்குள் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவில் சேர்ந்தது ஃபிரக்டோஸில் மட்டும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றிலும் ஃபிரக்டோஸ் இருக்கிறது, பெயரை மாற்றினால் கல்லீரல் ஏமாறாது.

இப்போது நம் அடுப்படிக்கு வருவோம். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை நம்பித்தான் பல வீடுகளில் சமையலே நடக்கிறது, அதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. அது பாமோலின் (பாமாயிலிலிருந்து பிரித்தெடுத்த திரவப் பகுதி), உப்சாலாவில் கொடுத்த பாமாயிலைவிட நிறைவுற்ற கொழுப்பு கொஞ்சம் குறைவு, இருந்தாலும் 40 சதவீதம் போல இருக்கும். கடலை எண்ணெயில் அதில் பாதியளவுதான், நல்லெண்ணெயிலும் சூரியகாந்தியிலும் இன்னும் குறைவு. பாமாயிலைத் தாளிக்க மட்டும் அளவாக ஊற்றினால் பெரிய கேடு வராது, ஏனென்றால் மேலே சொன்ன எண்ணெய் ஆய்வுகள் எல்லாமே தேவைக்கு மேல் திணித்துப் பார்த்தவை. வாரம் முழுக்க அதிலேயே பூரியும் பஜ்ஜியும் போடும்போதுதான் கணக்கு மாறும். கையில் காசு இருக்கிற வீடு என்றால் என் ஓட்டு கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும்தான். காசு இறுக்கமான வீட்டில் எண்ணெயை மாற்றுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு வாங்கும் கூல்டிரிங்ஸ், பாக்கெட் ஜூஸ் இரண்டையும் நிறுத்தலாம், அதற்குச் செலவே இல்லை, மிச்சம்தான்.